மூத்த வீரரின் விலையை எதைக் கொண்டு அளப்பது? பெங்களூரு அணியின் அனுபவமும் ஜடேஜா பரிமாற்றமும்

பெங்களூரு: ஐபிஎல் கிரிக்கெட்டில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி, 2025 நவம்பர் 15-ஆம் தேதி ரவீந்திர ஜடேஜாவை ராஜஸ்தான் ராயல்ஸ் அணிக்கு விட்டுக்கொடுத்தது. ராஜஸ்தானில் அவருக்கு நிர்ணயிக்கப்பட்ட ஊதியம் 14 கோடி ரூபாய். ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 16-ஆம் தேதி அபுதாபியில் நடைபெற்ற ஏலத்தில், பிரசாந்த் வீர் என்ற 20 வயது இடக்கை சுழற்பந்து ஆல்ரவுண்டரை அதே சென்னை அணி 14 கோடியே 20 லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. அவர் இந்திய அணிக்காக ஒரு போட்டியில்கூட ஆடாதவர். அவரது அடிப்படை விலை 30 லட்சம் ரூபாய்.

ஐபிஎல்லில் 254 போட்டிகளில் 3,260 ரன்களும் 170 விக்கெட்டுகளும் எடுத்த ஒருவரைவிட, இன்னும் எதையும் நிரூபிக்காத ஓர் இளைஞருக்கு 20 லட்சம் ரூபாய் கூடுதல் விலை. முதல் பார்வையில் இது முரணாகத் தோன்றலாம். ஆனால் வீரர் பரிமாற்றச் சந்தை கடந்த காலச் சாதனைகளுக்கு விலை தருவதில்லை. எஞ்சியிருக்கும் சில ஆண்டுகளில் அந்த வீரர் எந்தப் பணியைச் செய்வார், அதே பணிக்கு வேறொருவரைத் தேடினால் எவ்வளவு செலவாகும் என்ற இரண்டு கேள்விகளுக்கே அது விலை தருகிறது. இந்த உண்மையைப் பல ஆண்டுகள் விலை கொடுத்துக் கற்றுக்கொண்ட அணி என்றால், அது ராயல் சேலஞ்சர்ஸ் பெங்களூருதான்.

பரிமாற்றத்தின் கணக்கு

சென்னை, ராஜஸ்தான் இரு அணிகளுமே 2025 சீசனில் புள்ளிப் பட்டியலின் அடித்தட்டில் இருந்தவை. ராஜஸ்தான் ஒன்பதாவது இடத்தையும், சென்னை தனது வரலாற்றில் முதன்முறையாகப் பத்தாவது, அதாவது கடைசி இடத்தையும் பிடித்தன. இரண்டுக்கும் மாற்றம் தேவைப்பட்டது.

இந்தப் பரிமாற்றத்தில் ராஜஸ்தானின் கேப்டன் சஞ்சு சாம்சன், 18 கோடி ரூபாய் ஊதியத்துடன் சென்னைக்கு வந்தார். ஜடேஜாவும் இங்கிலாந்து ஆல்ரவுண்டர் சாம் கரனும் ராஜஸ்தானுக்குச் சென்றனர். கரனின் ஊதியம் 2 கோடியே 40 லட்சம் ரூபாயாகவே தொடர்ந்தது. ஜடேஜாவின் ஊதியம் மட்டும் 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைக்கப்பட்டது.

சென்னை அணி 20 கோடியே 40 லட்சம் ரூபாய் மதிப்புள்ள இருவரைக் கொடுத்து, 18 கோடி ரூபாய் மதிப்புள்ள ஒருவரைப் பெற்றது. அந்த வகையில் அதன் கையிருப்பில் 2 கோடியே 40 லட்சம் ரூபாய் மிச்சமானது. ராஜஸ்தானோ 18 கோடியைக் கொடுத்து 16 கோடியே 40 லட்சத்துக்கு இருவரைப் பெற்றதால், அதற்கும் 1 கோடியே 60 லட்சம் ரூபாய் மிச்சம். இரு தரப்புக்கும் ஒரே நேரத்தில் பணம் மிச்சமானதற்குக் காரணம், ஜடேஜாவின் ஊதியத்தில் குறைந்த 4 கோடி ரூபாய்தான். பரிமாற்றம் கைகூட அந்தச் சுமையை ஏற்றவர் 37 வயதை நெருங்கிக்கொண்டிருந்த மூத்த வீரர்.

ஆனால் கணக்கு அங்கே முடிந்துவிடவில்லை. ஜடேஜா விட்டுச்சென்ற இடத்தை நிரப்பவே பிரசாந்த் வீர் வாங்கப்பட்டார் என்று கொண்டால், சென்னையின் உண்மைச் செலவு வேறாகிறது. முன்பு ஜடேஜாவுக்கும் கரனுக்கும் 20 கோடியே 40 லட்சம் ரூபாய் செலவானது. இப்போது சாம்சனுக்கும் வீருக்கும் 32 கோடியே 20 லட்சம் ரூபாய். கூடுதல் செலவு 11 கோடியே 80 லட்சம். ஒரு மூத்த வீரர் அணியில் இருக்கும்வரை அவரது பணியின் விலை கண்ணுக்குத் தெரிவதில்லை; அவர் போன பிறகே அதற்கான ரசீது வருகிறது.

பெங்களூரு தவறவிட்ட இருவர்

2018 ஜனவரி இறுதியில் ஐபிஎல் மெகா ஏலம் பெங்களூருவில் நடைபெற்றது. ஏழு சீசன்கள் பெங்களூரு அணிக்கு ஆடி, 2013-இல் இதே நகரின் சின்னசாமி மைதானத்தில் ஆட்டமிழக்காமல் 175 ரன்கள் குவித்த கிறிஸ் கெயிலை அந்த அணி தக்கவைக்கவில்லை. முந்தைய சீசனில் 9 போட்டிகளில் 200 ரன்களே எடுத்திருந்த அவருக்கு அப்போது வயது 38. ஏலத்தில் இரண்டு முறை அவரது பெயர் வாசிக்கப்பட்டபோதும் எந்த அணியும் கை உயர்த்தவில்லை. மூன்றாவது முறை, அடிப்படை விலையான 2 கோடி ரூபாய்க்குப் பஞ்சாப் அணி அவரை வாங்கியது. அந்த சீசனில் 11 போட்டிகளில் ஒரு சதம் உட்பட 368 ரன்கள் எடுத்தார்.

ஷேன் வாட்சனின் கதை இன்னும் தெளிவானது. 2016-இல் பெங்களூரு அணி அவரை 9 கோடியே 50 லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. அந்த ஆண்டு 20 விக்கெட்டுகள் வீழ்த்திய அவர், சின்னசாமி மைதானத்தில் நடந்த இறுதிப் போட்டியில் மட்டும் நான்கு ஓவர்களில் 61 ரன்கள் கொடுத்தார். பெங்களூரு 8 ரன்களில் ஹைதராபாத்திடம் கோப்பையை இழந்தது. அடுத்த சீசனில் அவரது மட்டையும் ஓய்ந்தது. அணி அவரை விடுவித்தது. 2018 ஏலத்தில் சென்னை அணி 4 கோடி ரூபாய்க்கு அவரை வாங்கி, தொடக்க ஆட்டக்காரராகக் களமிறக்கியது. அந்த சீசனில் 555 ரன்கள் எடுத்த வாட்சன், இறுதிப் போட்டியில் ஹைதராபாத்துக்கு எதிராக 57 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 117 ரன்கள் குவித்துக் கோப்பையை வென்று தந்தார். அப்போது அவருக்கு வயது 36.

இரண்டு ஆண்டுகளில் வாட்சன் இளமையடைந்துவிடவில்லை. பெங்களூருவில் அவர் பந்து வீசவும், நடுவரிசையில் மட்டை பிடிக்கவும் வேண்டியிருந்தது. சென்னையோ அவரிடம் ஒரே ஒரு பணியைத்தான் பிரதானமாக எதிர்பார்த்தது. ஒரே வீரருக்கு இரண்டு அணிகளில் இரண்டு மதிப்புகள் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டு ஐபிஎல் வரலாற்றில் அரிது.

அதே 2018-இல் பெங்களூரு இழந்தது மூத்தவர்களை மட்டுமல்ல என்பதும் குறிப்பிடத்தக்கது. கர்நாடகத்தைச் சேர்ந்த, 25 வயதே ஆன கே.எல். ராகுலைப் பஞ்சாப் அணி 11 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அந்த சீசனில் அவர் 659 ரன்கள் எடுத்தார். ஆகவே, "வயதானவர்களைக் கழித்துவிட்டு இளைஞர்களை வைத்துக்கொள்" என்ற எளிய விதியும் அந்த அணியைக் காப்பாற்றியிருக்காது. அணியில் எந்தப் பணிக்கு ஆள் இல்லை என்ற கேள்வியை வயதுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.

பணி ஒன்று, விலை ஒன்று

அந்தக் கேள்வியைப் பெங்களூரு பின்னர் கேட்கத் தொடங்கியதற்கான அடையாளங்கள் 2022-இல் தெரிந்தன. அந்த ஆண்டு பெங்களூருவில் நடந்த ஏலத்தில், 37 வயதான ஃபாஃப் டு பிளெசிஸை 7 கோடி ரூபாய்க்கும், 36 வயதான தமிழ்நாட்டு வீரர் தினேஷ் கார்த்திக்கை 5 கோடியே 50 லட்சம் ரூபாய்க்கும் அந்த அணி வாங்கியது. முன்னவர் தொடக்க ஆட்டக்காரர், கேப்டன். பின்னவர் கடைசி ஐந்து ஓவர்களுக்கான ஆட்டக்காரர். டு பிளெசிஸ் 2023 சீசனில் 730 ரன்கள் குவித்தார். கார்த்திக் 2022-இல் 330 ரன்கள், 2024-இல் 326 ரன்கள் எடுத்தார். இரண்டு சீசன்களிலும் அவர் நூறு பந்துகளுக்கு 180 ரன்களுக்கு மேல் என்ற வேகத்தில் ஆடினார். இடைப்பட்ட 2023-இல் அவர் எடுத்தது 140 ரன்கள் மட்டுமே. மூத்த வீரரை வாங்குவோர் ஏற்க வேண்டிய ஏற்ற இறக்கமும் அதுவே.

2024 நவம்பரில் சவூதி அரேபியாவின் ஜெட்டாவில் நடந்த மெகா ஏலத்துக்கு முன்பு, பெங்களூரு தயக்கமின்றிக் கணக்கை முடித்துக்கொண்டது. 40 வயதை எட்டிய டு பிளெசிஸ் விடுவிக்கப்பட்டார். டெல்லி அணி அவரை 2 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2024 சீசனில் 10 போட்டிகளில் 52 ரன்கள் மட்டுமே எடுத்த கிளென் மேக்ஸ்வெல்லும் விடுவிக்கப்பட்டார். அவரைப் பஞ்சாப் 4 கோடியே 20 லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. 30 வயதான முகமது சிராஜ் குஜராத்துக்கு 12 கோடியே 25 லட்சம் ரூபாய்க்குச் சென்றார்.

அந்த இடங்களுக்குப் பெங்களூரு தேடியவர்கள் முற்றிலும் இளைஞர்கள் அல்ல. 34 வயதான புவனேஷ்வர் குமாருக்கு 10 கோடியே 75 லட்சம், 33 வயதான ஜோஷ் ஹேசல்வுட்டுக்கு 12 கோடியே 50 லட்சம், அதே வயதுடைய க்ருணால் பாண்டியாவுக்கு 5 கோடியே 75 லட்சம் ரூபாய் என அந்த அணி செலவிட்டது. ஹைதராபாத் அணி 2022-இல் புவனேஷ்வருக்குக் கொடுத்த விலை 4 கோடியே 20 லட்சம் என்பதால், வயது கூடியபோது அவரது விலை இரண்டரை மடங்காக உயர்ந்தது. க்ருணாலுக்கு நேர்மாறாக, லக்னோ 2022-இல் கொடுத்த 8 கோடியே 25 லட்சத்திலிருந்து விலை இறங்கியது.

2025 சீசனில் ஹேசல்வுட் 12 போட்டிகளில் 22 விக்கெட்டுகளும், புவனேஷ்வரும் க்ருணாலும் தலா 17 விக்கெட்டுகளும் எடுத்தனர். ஜூன் 3-ஆம் தேதி அகமதாபாத்தில் நடந்த இறுதிப் போட்டியில், க்ருணால் நான்கு ஓவர்களில் 17 ரன்கள் மட்டுமே கொடுத்து இரண்டு விக்கெட்டுகளை வீழ்த்தி ஆட்டநாயகனானார். 18 ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு பெங்களூரு முதன்முறையாகக் கோப்பையை வென்றது. மூவரையும் 2026 சீசனுக்கும் அந்த அணி தக்கவைத்துக்கொண்டது.

அமெரிக்கச் சந்தையின் அளவுகோல்

மூத்த வீரரின் பரிமாற்ற மதிப்பு குறித்த விவாதம் மிகக் கூர்மையாக நடைபெறும் இடம் அமெரிக்கக் கால்பந்துத் தொடரான என்எஃப்எல். அங்கு ஒவ்வொரு அணியின் தாக்குதலையும் நடத்துபவர் 'குவார்ட்டர்பேக்'. பந்தை முதலில் பெற்று, யாருக்கு வீசுவது என்பதை நொடிகளில் முடிவு செய்யும் அவரை, கிரிக்கெட்டின் கேப்டனும் தொடக்க ஆட்டக்காரரும் ஒருவரே என்பதுபோலக் கருதலாம்.

2021-இல் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணி, டெட்ராய்ட் அணியின் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்டைப் பெறுவதற்காக, தனது குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃபுடன் இளம் வீரர்களைத் தேர்வு செய்யும் இரண்டு முதல் சுற்று வாய்ப்புகளையும் ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்பையும் விட்டுக்கொடுத்தது. ஸ்டாஃபோர்டு முதல் சீசனிலேயே, 2022 பிப்ரவரியில், சூப்பர் பௌல் கோப்பையை வென்று தந்தார். எதிர்காலத்தை அடகு வைத்து நிகழ்காலத்தை வாங்கிய அந்தப் பேரம் பலித்தது.

2023-இல் நியூயார்க் ஜெட்ஸ் அணி 39 வயதான ஆரோன் ரோஜர்ஸைப் பெற்றபோது, பேரத்தில் ஒரு நிபந்தனை சேர்க்கப்பட்டது. அவர் அணியின் ஆட்ட நகர்வுகளில் 65 சதவீதத்தில் பங்கேற்றால், அடுத்த ஆண்டுக்கான இரண்டாம் சுற்றுத் தேர்வு வாய்ப்பு முதல் சுற்று வாய்ப்பாக உயரும். ஜெட்ஸ் அணிக்கான தனது முதல் போட்டியில், நான்காவது ஆட்ட நகர்விலேயே ரோஜர்ஸின் குதிகால் தசைநார் அறுந்தது. அந்த சீசன் அவருக்கு அத்துடன் முடிந்தது. முதல் சுற்று வாய்ப்பு மட்டும் ஜெட்ஸ் வசமே தங்கியது. வயதின் ஆபத்தை வாங்குபவரும் விற்பவரும் பகிர்ந்துகொள்ள அங்கு ஒரு வழி இருக்கிறது.

ஐபிஎல்லில் இளம் வீரர்களைத் தேர்வு செய்யும் உரிமை பண்டமாற்றுப் பொருளாக இல்லை. அணிகளுக்கு 125 கோடி ரூபாய் என்ற ஊதிய வரம்பு இருப்பதால், அந்த வரம்புக்குள் காலியாகும் இடமே இங்கு நாணயம். எனவே மூத்த வீரரின் ஆபத்து அவரது ஊதியத்திலேயே கழிக்கப்படுகிறது. ஜடேஜாவுக்குக் குறைந்த 4 கோடி ரூபாயை அவ்வாறே புரிந்துகொள்ளலாம்.

எனினும் எல்லா மூத்தவர்களுக்கும் இந்தக் கழிவு பொருந்தவில்லை. 2025 சீசனில் 9 போட்டிகளில் 6 விக்கெட்டுகள் மட்டுமே எடுத்த 35 வயது முகமது ஷமியை, ஹைதராபாத் அணியிடமிருந்து லக்னோ பெற்றுக்கொண்டது. அவரது ஊதியமான 10 கோடி ரூபாயில் ஒரு ரூபாயும் குறையவில்லை. வேகப்பந்து வீச்சுக்கு அனுபவமிக்க இந்தியர் ஒருவர் தேவைப்பட்ட அணிக்கு அந்த விலை ஏற்புடையதாக இருந்தது. தேவை எங்கு கூர்மையாக இருக்கிறதோ, அங்கு வயது பின்னுக்குச் செல்கிறது.

வீரரின் சம்மதம்

ஐபிஎல் பரிமாற்றத்தில் வீரரின் சம்மதம் கட்டாயம். என்எஃப்எல்லில் பெரும்பாலான வீரர்களுக்கு இந்த உரிமை இல்லை. மூத்த வீரரின் மதிப்பைக் கணக்கிடும்போது இந்த அம்சத்தைத் தவிர்க்க முடியாது. போக விரும்பாத வீரருக்குச் சந்தையில் விலையே இல்லை.

18 சீசன்களும் பெங்களூருவுக்கு மட்டுமே ஆடிய விராட் கோலியின் 21 கோடி ரூபாய் ஊதியம் எந்தப் பேரத்திலும் சோதிக்கப்படாத விலை. 44 வயதான மகேந்திர சிங் தோனி, சர்வதேச கிரிக்கெட்டிலிருந்து விலகி ஐந்து ஆண்டுகள் கடந்தவர் என்ற விதியின் கீழ், 4 கோடி ரூபாய்க்குச் சென்னை அணியில் தொடர்கிறார். சென்னை அணி 9 கோடியே 75 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய ரவிச்சந்திரன் அஸ்வின், ஒரே சீசனுக்குப் பிறகு 2025 ஆகஸ்ட் 27-ஆம் தேதி ஐபிஎல்லிலிருந்து ஓய்வு பெற்றார். அந்தத் தொகை முழுவதும் அணியின் கையிருப்புக்குத் திரும்பியது. மூவரின் விலையையும் சந்தையைவிட அவர்களது முடிவுகளே தீர்மானித்தன.

ஜடேஜாவின் வாழ்விலேயே இந்த மாற்றம் பதிவாகியிருக்கிறது. 2008-இல் கோப்பை வென்ற ராஜஸ்தான் அணியில் இருந்த அவர், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறு அணியுடன் பேச முயன்றதற்காக 2010 சீசன் முழுவதும் தடை செய்யப்பட்டார். 2012-இல் பெங்களூருவில் நடந்த ஏலத்தில் சென்னை அணி அவரை 20 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது; அந்த ஏலத்தின் உச்ச விலை அதுவே. சென்னையில் 12 சீசன்கள், மூன்று கோப்பைகள், 2023 இறுதிப் போட்டியின் கடைசி இரண்டு பந்துகளில் ஒரு சிக்சரும் ஒரு பவுண்டரியும். இப்போது விதிமுறைகளின்படி, தமது சம்மதத்துடன், தொடங்கிய அணிக்கே திரும்பியிருக்கிறார்.

லாபம் யாருக்கு?

சென்னையின் தேவை தெளிவானது. தோனிக்குப் பின் ஒரு விக்கெட் கீப்பரும், மேல்வரிசை ஆட்டக்காரரும் வேண்டும். ஐபிஎல்லில் 4,700-க்கும் மேற்பட்ட ரன்கள் எடுத்துள்ள 31 வயது சாம்சன் இரண்டையும் ஒருசேர நிறைவு செய்பவர். அத்தகைய இந்திய வீரர்கள் ஏலத்துக்கு வருவது அபூர்வம். அந்த வகையில் சென்னை கொடுத்த விலை நியாயமானதே.

ஆனால் ஜடேஜாவின் பணியை மாற்றீடு செய்வது எவ்வளவு கடினம் என்பதை 14 கோடியே 20 லட்சம் ரூபாய் காட்டிவிட்டது. நான்கு ஓவர் சுழற்பந்து, கடைசி ஓவர்களில் மட்டைவீச்சு, உள்வட்டத்தில் உயர்தரக் களத்தடுப்பு ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் தரும் இந்தியர்கள் மிகச் சிலரே. 2023 முதல் நடைமுறையில் உள்ள 'இம்பாக்ட் பிளேயர்' விதி, கூடுதலாக ஒரு சிறப்பு ஆட்டக்காரரைப் பயன்படுத்த அனுமதித்து ஆல்ரவுண்டர்களின் அவசியத்தைக் குறைத்தது என்பது பரவலான வாதம். அபுதாபி ஏலம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. 2024-இல் பெங்களூருவுக்காக ஆடிய ஆஸ்திரேலிய ஆல்ரவுண்டர் கேமரூன் கிரீனை, அதே ஏலத்தில் கொல்கத்தா 25 கோடியே 20 லட்சம் ரூபாய்க்கு வாங்கியது.

ராஜஸ்தானுக்கு இருக்கும் சாதகம் காலத்தைச் சார்ந்தது. 2024 மெகா ஏலத்தில் தொடங்கிய மூன்று ஆண்டுச் சுற்று 2027 சீசனுடன் முடிகிறது. அதன்பின் அணிகள் மீண்டும் கலைக்கப்படலாம். ஜடேஜாவிடமிருந்து அந்த அணிக்குத் தேவைப்படுவது பத்து ஆண்டுகள் அல்ல, இரண்டு சீசன்களே. 2025-இல் 14 போட்டிகளில் 301 ரன்களும் 10 விக்கெட்டுகளும் எடுத்தவருக்கு, சுழற்பந்து வீச்சாளர் என்ற முறையில், அந்த இரண்டு சீசன்கள் எட்டாத தொலைவு அல்ல. சென்னை அணிக்காக இம்ரான் தாஹிர் 2019-இல் 26 விக்கெட்டுகள் எடுத்து முதலிடம் பிடித்தபோது அவருக்கு வயது 40.

வரும் சீசனில் ரசிகர்கள் சாம்சனின் ரன்களையும் ஜடேஜாவின் விக்கெட்டுகளையும் அருகருகே வைத்து ஒப்பிடுவார்கள். அந்த ஒப்பீடு முழு விடையைத் தராது. சென்னையைப் பொறுத்தவரை, பார்க்க வேண்டியது பிரசாந்த் வீர் வீசும் நான்கு ஓவர்கள். அந்த ஓவர்களை அவர் சிக்கனமாக முடித்தால், சென்னை ஒரு மூத்த வீரரைக் கொடுத்துப் பத்தாண்டுகளை வாங்கியதாகும். முடிக்காவிட்டால், பெங்களூரு 2018-இல் கண்டதைச் சென்னை 2026-இல் காணும்: விட்டுக்கொடுத்தவரின் மதிப்பை எதிரணியின் சீருடையில் பார்ப்பது.